செம்மண்ணில் தங்கம் தேட கோல்ட் மான்ஸ்டர் 1000-ஆ, எஸ்டிசி 2300-ஆ?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொழுதுபோக்காகத் தங்கம் தேட இறங்குபவர்கள் மெட்டல் டிடெக்டர் வாங்கும்போது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். மைன்லாப் நிறுவனத்தின் கோல்ட் மான்ஸ்டர் 1000 ஆயிரத்துச் சொச்சம் டாலரில் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் எஸ்டிசி 2300 புதிதாக வாங்கினால் அதைவிடப் பல மடங்கு விலை. அவ்வளவு வித்தியாசம் எதற்கு, அது நமக்குத் தேவைதானா என்பதுதான் விஷயம். என்னிடம் இரண்டும் இருந்தன. மான்ஸ்டரை விற்றுவிட்டேன், இப்போது கையில் இருப்பது எஸ்டிசி. ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஏன் அந்தப் பக்கம் என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மெல்பர்னிலிருந்து வடமேற்கே இரண்டு, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டினால் மேரிபரோ, டனோலி, டார்னகுல்லா என்று பழைய தங்க ஊர்கள் வரும். இந்த வட்டாரத்தைத்தான் கோல்டன் டிரையாங்கிள் என்கிறார்கள். 1869இல் மோலியாகுல் அருகே ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் இருவரும் ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியை எடுத்தது இங்கேதான். எழுபது கிலோவுக்கு மேல் எடை. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே, மர வேர்களை ஒட்டிக் கிடந்தது. டனோலிக்குக் கொண்டுபோனபோது அதைத் தாங்கும் தராசு அங்கே இல்லை, பட்டறைக்கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்தார்கள். 1980இல் கிங்கோவர் பக்கத்தில் கெவின் ஹில்லியர் மெட்டல் டிடெக்டர் வைத்துக் கண்டுபிடித்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோ. புதிதாக வருபவர்கள் மனதில் இந்த இரண்டு கட்டிகளும் கட்டாயம் இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. கருவி வாங்கும்போது மட்டும் இவற்றை மறந்துவிட வேண்டும்.

ஏனென்றால் ஆள் எளிதில் எட்டக்கூடிய பள்ளத்தாக்கு ஒவ்வொன்றிலும் பல பத்தாண்டுகளாக டிடெக்டர்கள் ஏறி இறங்கிவிட்டன. சுலபமாகக் கிடைக்கக்கூடிய பெரிய கட்டிகளை முன்னாடி வந்தவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். இன்றைக்கு நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவான துணுக்குகள். நம்மூர் ஆசாரிகள் கணக்கில் ஒரு குன்றிமணி எடை என்பது கிராமில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அந்தக் குன்றிமணி அளவுத் தங்கத்தை, இரண்டு மூன்று அங்குல மண்ணுக்குக் கீழே, இந்தக் கருவி கேட்குமா? கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். மான்ஸ்டர் சுமார் 1.3 கிலோ, எஸ்டிசி 2.3 கிலோ. நாள் முழுக்க ஆட்டும்போது அந்த ஒரு கிலோ தோளில் நன்றாகவே தெரியும். மான்ஸ்டரில் எல்லாமே தானியங்கி, பெட்டியிலிருந்து எடுத்த பத்து நிமிடத்தில் தேட ஆரம்பித்துவிடலாம். எஸ்டிசியிலும் பொத்தான்கள் குறைவுதான், ஆனால் அது எழுப்பும் சத்தத்துக்குக் காது பழகச் சில நாட்கள் பிடிக்கும். எஸ்டிசி மடங்கி முதுகுப்பைக்குள் போய்விடும், மூன்று மீட்டர் ஆழத் தண்ணீரிலும் வேலை செய்யும். மான்ஸ்டரில் காயிலை (coil, தரையை ஒட்டி ஆட்டும் வட்டத் தலைப்பகுதி) மட்டும்தான் தண்ணீரில் நனைக்கலாம். ஓடையில் தேடுபவர்களுக்கு இது முக்கியம், மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். இந்த ஊரில் எந்த டிடெக்டர் நல்லது என்பதைத் தீர்மானிப்பது மண்.

மான்ஸ்டர் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) வகைக் கருவி. அதன் காயில் 45 கிலோஹெர்ட்ஸ் அலையை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே, திரும்பி வருவதையும் அதே நேரத்தில் கேட்கிறது. போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள விலகலை வைத்து, கீழே இருப்பது இரும்பா வேறு உலோகமா என்று கணிக்கிறது. காந்தத் தன்மை குறைந்த மண்ணில் இது மிக நன்றாக வேலை செய்யும். வெள்ளைக் களிமண்ணிலும், மேல்மண் அரித்துப் போய்ப் பாறை தெரியும் ஓடைப் படுகையிலும், பாறை வெடிப்புகளிலும் மான்ஸ்டரின் ஐந்து அங்குலக் காயிலைப் போட்டுத் தேடியிருக்கிறேன். மண் துகள்போல இருக்கும் தங்கத்துக்கும் பளிச்சென்று சத்தம் கொடுக்கும். அந்த மாதிரி இடங்களில் எஸ்டிசி தவறவிடக்கூடியதை இது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கோல்டன் டிரையாங்கிளில் பெரும்பகுதி நிலம் அப்படிப்பட்டதில்லை. சிவந்த களிமண், அதில் மிளகு முதல் கோலிக்குண்டு அளவு வரை இரும்புச் சரளை. இந்த மண்ணில் மாக்ஹெமைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. காட்டுத்தீ மேல்மண்ணைச் சுடும்போது இது இன்னும் கூடுகிறது. அயர்ன்பார்க் என்ற யூகலிப்டஸ் மரம் ஒன்று அடியோடு எரிந்து தீர்ந்த இடத்தைப் பாருங்கள், மண் செங்கல் நிறத்தில் இருக்கும். அதன் மேல் மான்ஸ்டரை ஆட்டினால் உலோகம் எதுவும் இல்லாமலே கத்தும். காயில் அரை அங்குலம் மேலே போனாலும் கீழே வந்தாலும் மண்ணின் சிக்னல் மாறுகிறது, அந்த மாற்றத்தையே கருவி உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. கருவியைக் குறை சொல்ல முடியாது. அது கேட்பதைத்தான் சொல்கிறது.

சரி, சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, குறைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். குறைக்கலாம், தானியங்கி நிலையில் விட்டால் அதுவே குறைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணின் சத்தம் அடங்கும் அளவுக்குக் குறைத்தால், இரண்டு அங்குலத்துக்குக் கீழே கிடக்கும் சின்னத் துணுக்கின் சத்தமும் சேர்ந்து அடங்கிவிடும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. வி.எல்.எஃப். வாங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம், அது இரும்பையும் தங்கத்தையும் பிரித்துக் காட்டும், ஆணிகளைத் தோண்டி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது. அமைதியான மண்ணில், மேலாகக் கிடக்கும் பொருளுக்கு இது உண்மை. இரும்புச் சத்து மிகுந்த மண்ணிலோ, சிக்னலோடு மண்ணின் பதிலும் கலந்து அந்தக் கணிப்பை இரும்பின் பக்கம் இழுத்துவிடுகிறது. கொஞ்சம் ஆழத்தில் உள்ள தங்கமே இரும்பு என்று காட்டப்படும். அதை நம்பி நாம் நடந்துவிடுவோம். ஆக, எந்த வசதிக்காக மான்ஸ்டரை வாங்குகிறோமோ அந்த வசதியை இந்த மண்ணில் முழுதாக நம்ப முடியாது.

எஸ்டிசி 2300 பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. காயிலுக்குள் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகச் செலுத்தி, சட்டென்று நிறுத்தி, அதற்குப் பிறகுதான் கேட்கும். துடிப்பு சட்டென நிற்கும்போது தங்கத்துக்குள் மின்னோட்டம் சுழன்று, பிறகு அடங்கத் தொடங்கும், அந்த அடங்கல்தான் சிக்னல். மண்ணும் ஒரு பதில் சொல்லும், ஆனால் அது அடங்கும் விதம் வேறு. வெவ்வேறு நீளத் துடிப்புகளை அனுப்பி ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டால் மண்ணின் பங்கைப் பெருமளவு கழித்துவிடலாம். புரூஸ் கேண்டி உருவாக்கிய இந்த முறை 1995இல் எஸ்டி 2000 கருவியில் வந்தபோது, சத்தம் தாங்க முடியாமல் கைவிடப்பட்ட செம்மண் நிலங்கள் மறுபடியும் தங்கம் கொடுத்தன.

அந்தப் பழைய பல்ஸ் கருவிகளுக்கு ஒரு குறை இருந்தது. சின்னத் துணுக்குக்குள் மின்னோட்டம் சில மைக்ரோ விநாடிகளிலேயே அடங்கிவிடும். கருவி கேட்கத் தொடங்குவதற்குள் அது முடிந்திருக்கும். அதனால்தான் பெரிய கட்டிக்குப் பல்ஸ், சின்னத் துணுக்குக்கு வி.எல்.எஃப். என்று ஒரு வழக்கு ரொம்ப நாள் இருந்தது. 2014இல் வந்த எஸ்டிசி 2300 அந்த இடைவெளியை நன்றாகக் குறைத்துவிட்டது. துடிப்பு நின்ற உடனேயே கேட்பதால், செம்மண்ணிலும் குன்றிமணித் துணுக்குகளின் சத்தம் கிடைக்கிறது. என் முடிவுக்கு இதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

களத்தில் இது எப்படி இருக்கும் என்றால், ஹெட்போனில் மெல்லிய ரீங்காரம் ஒன்று சீராக ஓடிக்கொண்டே இருக்கும். அது லேசாக ஏறி இறங்கினால் நின்று, மேல்மண்ணைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஏற்றம் கூடினால் தோண்ட வேண்டும். எஸ்டிசியும் முழுக்க அமைதியாக இருக்காது. சில கற்களுக்கு அதுவும் முனகும், எரிந்த மண்ணில் கொஞ்சம் தடுமாறும். ஆனால் மான்ஸ்டரோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம். ஓயாமல் சலசலக்கும் கருவியோடு ஒரு மணி நேரம் நடந்தாலே காது களைத்துவிடும். அப்புறம் சன்னமான சத்தங்களை நாமே ஒதுக்கத் தொடங்குவோம். பலரும் தேடி விட்டுப்போன நிலத்தில் மிச்சமிருக்கும் தங்கம் கொடுப்பதோ அந்தச் சன்னமான சத்தத்தைத்தான். மதியத்துக்குப் பிறகும் கவனம் சிதறாமல் தேட முடிவதைத்தான் நான் எஸ்டிசியின் பெரிய பலமாகச் சொல்வேன். விளம்பரத் தாள்களில் இது வராது.

இரும்பு விஷயத்தில் எஸ்டிசி உதவாது. எல்லாவற்றையும் தோண்டியாக வேண்டும். 1850களின் தங்க வேட்டைக்காரர்கள் பூட்ஸ் ஆணிகளை எங்கும் உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்களின் துப்பாக்கி ரவைகள், கம்பித் துண்டுகள், தகரச் சில்லுகள் வேறு. பழைய குடிசை இருந்த இடத்தில் எஸ்டிசியைப் போட்டால் பைத்தியம் பிடிக்கும், அந்த மாதிரி இடத்தில் மான்ஸ்டருக்கே என் ஓட்டு. ஆனால் மற்ற இடங்களில் குப்பைக்கு ஒரு வழி உண்டு. தோண்டும் கொத்தின் தலையில் வலுவான காந்தம் ஒன்றைப் பொருத்திவிட்டால், கிளறிய மண்ணில் அதை ஓட்டியதும் ஆணி ஒட்டிக்கொள்ளும், வேலை அரை நிமிடத்தில் முடியும். ஈயக் குண்டு மட்டும் காந்தத்தில் ஒட்டாது, சத்தமும் தங்கம் மாதிரியே இருக்கும். அதைத் தோண்டுவதில் எனக்கு வருத்தமில்லை. ஈயத்தைக் கேட்கும் கருவி அந்த இடத்தில் தங்கத்தையும் கேட்கும் என்ற நம்பிக்கை வருகிறது. குப்பையைக் காந்தம் வைத்துச் சமாளிக்கலாம். மண்ணின் சத்தத்துக்கு அப்படிக் கைவசம் எதுவும் இல்லை.

எஸ்டிசியில் காயிலை மாற்ற முடியாது. எட்டு அங்குலக் காயில் கருவியோடு சேர்ந்தே வருகிறது. ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டிதான் குறி என்றால் இது அதற்கான கருவியல்ல. 2021இல் வந்த மைன்லாபின் ஜிபிஎக்ஸ் 6000 சின்னதையும் பிடிக்கும், பெரிய காயில் போட்டு ஆழமாகவும் தேடலாம், எடையும் 2.1 கிலோதான். நண்பருடையதைச் சிறிது நேரம் ஆட்டிப் பார்த்ததோடு சரி, அதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அனுபவம் எனக்கில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் உப்பு நிலங்களிலும் நான் தேடியதில்லை. நான் சொல்வதெல்லாம் விக்டோரியா மண்ணுக்கு.

எந்தக் கருவியானாலும் இங்கே முதலில் மைனர்ஸ் ரைட் வாங்க வேண்டும். தங்கம் தோண்டியவர்கள் செய்த யுரேகா கலகத்துக்குப் பிறகு 1855இல் பிறந்த உரிமம் அது. இப்போது பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், கட்டணமும் சொற்பம். அரசு நிலத்தில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் கையால் இயக்கும் கருவிகள் மட்டும், தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம், தோண்டிய குழியை மூடுவது கட்டாயம். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் தேட முடியாது, ஆகவே கிளம்பும் முன் வரைபடம் பார்த்துவிடுங்கள். குழியை மூடாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கங்காருவும் நடக்கும் இடம், மனிதரும் நடக்கும் இடம்.

வாரம் தவறாமல் போகப்போவதில்லை, பிள்ளைகளோடு ஆண்டுக்கு ஓரிரு முறை முகாம் போட்டு ஓடையோரம் தேடப்போகிறோம் என்பவர்கள் மான்ஸ்டரே வாங்கலாம். பத்து வயதுப் பிள்ளையும் தூக்கக்கூடிய எடை. பலகைக் கற்களின் வெடிப்புகளில் மெதுவாகத் தேடினால் ஏமாற்றாது. செம்மண்ணில் இறங்கி ஆண்டு முழுக்கத் தேட நினைப்பவர்கள், இன்னும் கொஞ்ச நாள் காசு சேர்த்து, பழைய எஸ்டிசி ஒன்றை வாங்குங்கள் என்பேன். தங்கத்தை எடுத்து அந்த விலையைக் கழித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்ட பல்ஸ் கருவிக்கு இந்த ஊரில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள், விற்கும்போது பெரிதாக அடிபடாது.

பழையது வாங்கும்போது போலிகளில் கவனம் வேண்டும். மைன்லாப் கருவிகளுக்கு அச்சு அசலாகப் போலிகள் சந்தையில் இருக்கின்றன. நம்ப முடியாத விலைக்கு யாராவது கொடுத்தால், வரிசை எண்ணை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். விற்பவரை வீட்டு வாசலில் சந்திப்பதைவிட வெளியே ஒரு திறந்த இடத்தில் சந்திப்பது நல்லது, வீட்டைச் சுற்றி மின்கம்பிகள் இருப்பதால் கருவி அங்கே தேவையில்லாமல் முனகும். மடக்கும் மூட்டு தளராமல் இருக்கிறதா, பேட்டரி வைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வெடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீர் உள்ளே போனால் பழுதுபார்க்கும் செலவு அதிகம். காயிலின் அடி மூடி தேய்ந்திருந்தால் பரவாயில்லை, அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பையில் ஒரு சின்ன ஈயக் குண்டு கொண்டுபோய், மண்ணில் இரண்டு அங்குலம் புதைத்து, காயிலைத் தரையோடு தரையாக ஆட்டிப் பாருங்கள். ரீங்காரம் ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்டால் பேரம் பேசத் தொடங்கலாம்.