கால் மெஷினா, மோட்டார் மெஷினா: தோட்டம் உள்ள வீட்டுக்கு எது தோது?

வீட்டுக்குத் தையல் மெஷின் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் யோசிக்கிறார்கள். ஒன்று, காலால் மிதித்து ஓட்டும் இரும்பு மெஷின். இன்னொன்று, மேசைமேல் வைத்துத் தைக்கும் மோட்டார் மெஷின். ஜிக்ஜாக் எனும் வளைந்து வளைந்து போகும் தையல், காஜா எல்லாம் போடும். இரண்டிலும் தைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்குக் கால் மெஷின் போதும் என்று முடிவுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் மெஷினில் எனக்குப் பழக்கம் இல்லை. அதனால் இங்கே மோட்டார் மெஷின் என்று சொல்வது, குமிழைத் திருகித் தையலை மாற்றும் சாதாரண வகையைத்தான்.

மேலோட்டமான வித்தியாசங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. மோட்டார் மெஷினைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம், கால் மெஷினுக்கு நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். கால் மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் மிதித்துப் பழக நாள் பிடிக்கும். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும். கையால் சக்கரத்தை நம் பக்கமாகத் தள்ளிவிட்டு, அந்த வேகத்தோடு கால் சேர வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கால் மெஷினின் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே விரல் போய்விடாமல் பார்க்க வேண்டும். மோட்டார் மெஷினை வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். சரி, அவ்வளவுதான்.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியது, வீட்டில் எதைத் தைக்கப் போகிறோம் என்பது. எங்கள் வீட்டில் கிழிந்ததற்கு ஒட்டு, தலையணை உறை, திரைக்கு ஓரம், பிள்ளைகளின் உடைக்கு நீளம் இறக்குவது என்று ஒரு பாதி. மறுபாதி முழுக்கத் தோட்டத்துக்கானது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, அடியை மூடித் தைத்தால் செடி வளர்க்கும் பை. மீதித் துண்டுகளை அடுக்கித் தைத்தால் களை பிடுங்கும்போது முழங்காலுக்கு மெத்தை. அப்புறம் காய்களுக்கு உறை. வெள்ளரி, பூசணி மாதிரிக் கொடிகளில் பழ ஈ இளம்பிஞ்சைத் துளைத்து உள்ளே முட்டையிடும். காய் வெளியே நன்றாகத் தெரியும், அறுத்தால் உள்ளே புழு. பிஞ்சு பிடித்தவுடனே மெல்லிய துணிப்பையை மாட்டி, காம்பை இறுக்காமல் நாடாவால் கட்டிவிட்டால் ஈ அண்டாது. முற்றிய காயின் அளவுக்குப் பையைத் தைக்க வேண்டும், பிஞ்சின் அளவுக்கு அல்ல.

இந்த உறைகளைத் தைக்கத் தேவைப்படுவது நேர்த்தையல் மட்டும். ஒரு பையின் பக்கத்தை முடித்ததும் நூலை அறுக்காமல் அடுத்த பையை ஊசிக்கடியில் நுழைத்துக்கொண்டே போகலாம். வரிசையாகத் தொங்கும் பைகளைக் கடைசியில் வெட்டிப் பிரித்தால் போதும். இப்படிப்பட்ட வேலைக்குக் கால் மெஷினில் எந்தக் குறையும் தெரியவில்லை. மண்ணில் கிடக்கும் பைகளுக்கு மட்டும் பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும். பாலியெஸ்டர் நூல் வெயிலையும் ஈரத்தையும் தாங்கும்.

மோட்டார் மெஷின் தெளிவாக முந்துகிற இடம் பனியன் துணி. டி-ஷர்ட், பிள்ளைகளின் ட்ராக் பேன்ட், இழுத்தால் நீளும் எதுவானாலும் நேர்த்தையல் போட்டால் ஒரு நாள் படக்கென்று அறுந்துவிடும். துணி நீள்கிற அளவுக்கு நூல் நீளாது. ஜிக்ஜாக் தையலில் நூல் வளைந்து வளைந்து போவதால் துணியோடு சேர்ந்து நீண்டுகொடுக்கும். பனியன் ஊசி ஒன்றும் போட்டுக்கொண்டால் தையல் விட்டுப்போவது குறையும். அதன் முனை உருண்டிருப்பதால் இழையைக் குத்தாமல் ஒதுக்கிக்கொண்டு இறங்கும். வீட்டில் பாதிக்குமேல் பனியன் துணிதான் தைக்கப் போகிறீர்கள் என்றால் இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை, மோட்டார் மெஷினையே வாங்குங்கள். காஜாவும் அப்படித்தான். நான் காஜாவைக் கையாலேயே போட்டுக்கொள்கிறேன், எல்லாருக்கும் அதற்குப் பொறுமை இருக்காது.

தடித்த துணியில் நிலைமை மாறுகிறது. ஜீன்ஸின் பக்கத்தையலும் கீழ்மடிப்பும் சந்திக்கும் முடிச்சில் பல அடுக்குத் துணி சேர்ந்துவிடும். சாதாரண மோட்டார் மெஷின் மெதுவாக ஓடும்போது அதன் விசையும் குறைவு. அந்த முடிச்சில் முனகிக்கொண்டு நின்றுவிடும். மிதியை இன்னும் அழுத்தினால் திடீரென்று பாய்ந்து ஊசி முறியும். கால் மெஷினில் கனமான இரும்புச் சக்கரத்தின் ஓட்டமே ஊசியை இறக்கிவிடுகிறது. அதுவும் போதாதபோது மிதிப்பதை நிறுத்திவிட்டு, கையால் சக்கரத்தைத் திருகி ஒவ்வொரு குத்தாகத் தாண்டலாம். ஜீன்ஸுக்கு 100/16 ஊசி, ரொம்பத் தடிமனானால் 110/18. மெல்லிய பருத்திக்கு 75/11 போதும். முதல் எண் ஊசியின் பருமன். 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். எந்த மெஷினானாலும் மேடு ஏறும் இடத்தில், துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் பின்பக்கம் அதே உயரத்துக்கு மடித்த துணித்துண்டைக் கொடுத்தால் பாதம் சாயாமல் தையல் சீராக வரும்.

ஆனால் என்னை ஒரு பக்கமாக இழுத்தது இவை எதுவும் இல்லை, பராமரிப்புதான். தோட்டத்துத் துணி என்றால் தூசும் இழையும் சேர்ந்தே வரும். துவைத்துக் காயவைத்த ஜீன்ஸைக் கூட வெட்டும்போது நீலப் பொடி உதிரும். இதெல்லாம் போய்ச் சேருவது ஊசித்தட்டின் அடியில். கால் மெஷினில் இரண்டு திருகைக் கழற்றித் தட்டைத் தூக்கினால், துணியை நகர்த்தும் பற்களின் இடுக்கில் பஞ்சு கெட்டியாகக் கம்பளம்போல் அப்பியிருப்பது தெரியும். பற்கள் முழு உயரம் எழும்ப முடியாமல் துணி நகர மறுக்கும், தையல் பொடிப்பொடியாக விழும். பலர் இதைப் பெரிய கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு குச்சியால் நெம்பி, பிரஷ்ஷால் துடைத்தால் தீர்ந்தது. வாயால் ஊதக் கூடாது. பஞ்சு இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும்.

எண்ணெய் விடுவதும் அப்படி எளிது. உடம்பிலேயே துளைகள் இருக்கின்றன. துளைக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில், பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, வேண்டாத துணியில் கொஞ்சம் தைத்தால் அதிகப்படி எண்ணெய் அதில் இறங்கிவிடும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகி மெஷினையே இறுக்கிவிடும். பெல்ட் தளர்ந்தால் ஒரு துண்டை வெட்டிவிட்டு, துளையிட்டு, கம்பிக் கொக்கியை மாட்டினால் சரி. அடிநூலின் டென்ஷன், அதாவது இறுக்கம் பார்க்க, அடிநூல் சுற்றிய பாபினை வைக்கும் சின்னக் கூடான பாபின் கேஸை நூலில் தொங்கவிட வேண்டும். தானாக இறங்கினால் தளர்வு. லேசாக உதறும்போது கொஞ்சம் இறங்கி நின்றால் சரியான அளவு. இத்தனைக்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

மோட்டார் மெஷினில் பஞ்சு அப்புவது அதே அளவுதான், ஆனால் நாம் கை வைக்கக்கூடிய இடம் குறைவு. பாபின் பகுதியைச் சுத்தம் செய்யலாம். அதைத் தாண்டி உள்ளே போக வெளிக்கூட்டைக் கழற்ற வேண்டும். சில வகைகளுக்கு எண்ணெயே விடக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கும், அதையும் மதிக்க வேண்டும். மேலே திறந்து பாபினைப் போடும் வகையில் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஊசி ஒருமுறை வளைந்து அதைக் கீறிவிட்டால், அந்தக் கீறலில் நூல் மாட்டி மாட்டி அறுகும். விலை குறைந்த மெஷின்களில் பிளாஸ்டிக் பல்சக்கரமும் உண்டு. அது விரிசல் விட்டால் ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சந்திக்கும் கணம் தப்பிவிடும், வீட்டில் சரிசெய்ய முடியாது. உள்ளே முழுக்க உலோகமாக உள்ள நல்ல மோட்டார் மெஷின்கள் நீண்ட நாள் உழைக்கும், அதை நான் மறுக்கவில்லை. பழைய கால் மெஷினிலேயே மோட்டார் பூட்டிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நல்ல வழியாகத் தோன்றுகிறது, நான் செய்து பார்த்ததில்லை.

கால் மெஷினைப் பழையதாக வாங்குவதில் பயமில்லை, சிலவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். நூல் கோக்காமல் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது ஒரே இடத்தில் தடுக்கினால் காரணம் கேளுங்கள். முழுச் சுற்றும் கனமாக இருந்தால் பெரும்பாலும் எண்ணெய் இறுகியதுதான், மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, துடைத்து, புது எண்ணெய் விட்டால் வழிக்கு வரும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பலர் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கையோடு மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றும் ஜீன்ஸ் துண்டு ஒன்றும் கொண்டுபோய் இரண்டையும் தைத்துப் பாருங்கள். மேல்பக்கத்தை யாரும் பார்த்துவிடுவார்கள். துணியைத் திருப்பி அடிப்பக்கத் தையலைப் பாருங்கள்.