பவர்வாஷ் சிமுலேட்டர்: தண்ணீர் அடிப்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத கேம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். கையில் ஒரு பிரஷர் வாஷர், எதிரே சேறு அப்பிக்கிடக்கும் ஒரு வேன், தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேம். எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது, வழக்கமான ஆட்டத்தில் நேரக் கெடு கிடையாது, பின்னணி இசைகூடக் கிடையாது. வேன் முடிந்ததும் வீட்டுத் தோட்டம், விளையாட்டுத் திடல், ஷூ வடிவத்தில் ஒரு வீடு என்று மக்கிங்ஹாம் என்ற கற்பனை ஊரையே கழுவிக்கொண்டு போகிறோம். ஒரு பாகம் முழுசாகச் சுத்தமானால் பளிச்சென்று மின்னி 'டிங்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், வாசல் கழுவி முடித்து நிமிர்ந்து பார்க்கிற அதே நிறைவு. இங்கிலாந்தின் பிரைட்டனில் இருக்கும் ஃபியூச்சர்லேப் என்ற நிறுவனம் உருவாக்கியது, 2022 ஜூலையில் முழுமையாக வெளிவந்தது.

என் வேலை போனில் நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் கேட்பது. ராத்திரி ஒரு மணி நேரம் இதை ஆடினால்தான் தலை லேசாகிறது. ஆனால் வீட்டுக்கு வந்த மாமா பார்த்துவிட்டு, "கேம் ஆடினா மூளை கெட்டுப்போகும்பா, மனுஷங்களோட பேசிப் பழகு" என்றார். அக்கறையில்தான் சொன்னார், எனக்கும் அவர்மேல் கோபமில்லை, ஆனால் அந்த எண்ணம் தப்பு.

இந்த கேமை வைத்தே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அதற்கென்றே தனிப் பதிப்பு வந்தது, ஆடும்போதே நடுநடுவே 'இப்போது மனநிலை எப்படி இருக்கிறது' என்று கேட்கும். 39 நாடுகளிலிருந்து 8,695 பேர் பதில் சொன்னார்கள். ஏறக்குறைய 72 சதவீதம் பேருக்கு ஆட ஆரம்பித்ததும் மனநிலை கொஞ்சம் மேலே போயிருக்கலாம் என்று கணக்கு வந்தது, அதிலும் பெரும்பகுதி முதல் கால் மணி நேரத்துக்குள்ளேயே. ஏற்றம் சின்னதுதான், ஆடியவர்களும் தாங்களாக முன்வந்தவர்கள், அதனால் இதை மருந்து என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022-இல் அதே பல்கலைக்கழகத்தினர் ஏழு கேம்களின் நிஜ ஆட்ட நேரத்தை எடுத்துப் பார்த்தபோது, எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதற்கும் அவர்கள் நலமாக இருப்பதற்கும் பெரிதாகத் தொடர்பு தெரியவில்லை. பிடித்து ஆடுகிறார்களா, ஆடியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் ஆடுகிறார்களா என்பதுதான் முக்கியமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று ஒன்றைப் பட்டியலில் வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் கட்டுப்பாடு போய், மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் விட முடியாமல், பொதுவாக ஒரு வருஷமாவது அப்படியே ஓடினால்தான் அந்தப் பெயர். எல்லார் தலையிலும் அதைக் கட்டினால், நிஜமாகவே அதில் சிக்கியவர் வெளியே சொல்லவும் கூசுவார்.

தனிமை என்கிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். இதை ஆன்லைனில் சேர்ந்தும் ஆடலாம். துபாயில் இருக்கும் என் தம்பி போன் செய்தால் 'சாப்டியா, நல்லா இருக்கேன்' என்பதோடு முடித்துக்கொள்வான். ஒரு ராத்திரி ரெண்டு பேரும் சுரங்க ரயில் பிளாட்பாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தோம், கண் சுவரில், கை தண்ணீரில், அப்போதுதான் வேலை பிடிக்கவில்லை, ஆறு மாசமாகத் தூக்கமில்லை என்று சொன்னான். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

குறைகளும் உண்டு. சோப்பு வாங்குவது வீண், தண்ணீரே போதும். கடைசி ஒரு சதவீத அழுக்கு எந்த இடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குள் எரிச்சல் வந்துவிடும், அழுக்கை மின்ன வைத்துக் காட்டும் பட்டன் இருந்தும். பெரிய இடங்கள் ஒரே இழுவை, ஒரே மூச்சில் முடிக்க உட்காராதீர்கள், மணிக்கட்டு வலிக்கும். சேர்ந்து ஆட நினைத்தால் ஆளுக்கொன்று வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாங்கள் இப்போது கேமில் ஒரு ராட்டினத்தைப் பாதி கழுவி நிற்கிறோம், ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு லீவு.