பர்னபாவும் அனனியாவும்

எருசலேமின் முதல் கிறிஸ்தவ சபையில் இருவருமே நிலம் விற்றார்கள். சீப்புரு (சைப்ரஸ்) தீவைச் சேர்ந்த, ஆலயப் பணிக்குரிய லேவி கோத்திரத்தாரான பர்னபா, கிடைத்த பணத்தை இயேசுவின் தூதர்களான அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தார். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரம் அதை இரண்டே வசனங்களில் சொல்லி முடிக்கிறது.

அனனியா, மனைவி சப்பீராள் அறிய ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு மீதியைக் கொண்டுவந்தான். இதைக் கஞ்சத்தனம் என்றே பலர் வாசிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. விற்ற பின்னும் பணம் அவன் வசத்தில்தான் இருந்தது என்று அப்போஸ்தலரான பேதுருவே சொல்கிறார். ஒரு பங்கைக் கொடுத்து, இது ஒரு பங்குதான் என்று சொல்லியிருந்தால் குற்றமே இல்லை. முழுவதையும் கொடுத்தவன் என்ற பெயர் அவனுக்கு வேண்டியிருந்தது. பர்னபாவோ பின்னாளில், முன்பு சபையைத் துன்புறுத்தியதால் சீஷர்கள் அஞ்சி ஒதுங்கிய சவுலுக்காகத் (பின்னாளைய பவுல்) தம் நற்பெயரையே பிணையாக வைத்து, அப்போஸ்தலரிடம் அவரை அழைத்துப் போனார்.