கவ்.யூகே டிசைன் சிஸ்டம்: பெட்டிக்குப் பெட்டி காரணம் இருக்கிறது

கவ்.யூகே என்பது பிரிட்டன் அரசின் இணையதளம். அந்த அரசின் இணையச் சேவைகளுக்காக அதன் டிஜிட்டல் பிரிவு (ஜிடிஎஸ்) 2018-இல் வெளியிட்ட தொகுப்புதான் இந்த டிசைன் சிஸ்டம்: பெட்டி, பட்டன் போன்ற ஆயத்தப் பகுதிகளும், அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்புகளும். வெவ்வேறு துறைகளின் படிவங்கள் ஒரே கை செய்தது போல இருப்பதற்கு இதுதான் காரணம். நிரல் எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படிவம் செய்வதே என் பிழைப்பு. இந்த வேலைக்கு இதைவிட நல்ல தொகுப்பை நான் பார்த்ததில்லை.

பிறந்த தேதியையே எடுத்துக்கொள்வோம். பல தளங்களில் காலண்டர் விரியும். 1958-இல் பிறந்தவர் அதில் பின்னால் தட்டிக்கொண்டே போக வேண்டும். இங்கே நாள், மாதம், ஆண்டு என்று மூன்று சாதாரணப் பெட்டிகள், அவ்வளவுதான். மாதத்தின் பெயரை எழுத்தில் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். எண் கேட்கும் இடத்தில் பிரவுசரின் 'நம்பர்' வகைப் பெட்டியைப் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஏனென்றால், பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பெட்டிக்குள் இருக்கும் எண் நமக்கே தெரியாமல் மாறிவிடலாம். இப்படிக் காரணத்தையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பதால் வாடிக்கையாளரிடம் வாதாடும் வேலை எனக்குப் பாதியாகக் குறைகிறது.

நான் மிகவும் மதிப்பது 'இந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறு' பட்டனை. வீட்டு வன்முறைக்கு ஆளானவர் உதவி தேடிக்கொண்டிருக்கும்போது கொடுமைப்படுத்துபவர் அறைக்குள் வந்துவிட்டால்? பட்டனை அழுத்தலாம், அல்லது ஷிஃப்ட் விசையை மூன்று முறை தட்டலாம். திரையில் இருப்பது உடனே மறைந்து, வேறொரு சாதாரணத் தளம் திறக்கும். படிவம் செய்பவர் மாற்றாமல் விட்டால் அது பிபிசி வானிலைப் பக்கம். பிரவுசர் வரலாறு இதனால் அழியாது. அதையும் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் மேல் மரியாதை வராமல் இருக்குமா!

பிழைச் செய்திகளும் அப்படித்தான். தவறுகள் எல்லாம் பக்கத்தின் மேலே ஒரே இடத்தில் திரண்டு வரும். ஒவ்வொன்றும் அதற்குரிய பெட்டிக்கான இணைப்பு. ஸ்கிரீன் ரீடரில் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) கேட்பவருக்கும் கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவருக்கும் இது பெரிய உதவி.

குறை இல்லாமல் இல்லை. பொதுமக்கள் ஒருமுறை நிரப்பிவிட்டுப் போகும் படிவத்துக்குத்தான் இது கச்சிதம். அலுவலக ஊழியர் நாள் முழுக்கப் பார்க்கும் அகலமான அட்டவணைகள், டாஷ்போர்டுகள் என்று வந்தால் கை கொடுப்பது குறைவு. அங்கே நாமே யோசித்துச் செய்ய வேண்டியதுதான்.

இன்னொரு விஷயம்: கவ்.யூகே தளத்தில் வரும் ஜிடிஎஸ் டிரான்ஸ்போர்ட் எழுத்துருவையும் கிரீடச் சின்னத்தையும் அந்தத் தளத்துக்கு வெளியே பயன்படுத்த அனுமதி இல்லை. எழுத்துரு, நிறம் எல்லாம் உங்கள் நிறுவனத்துடையதாகவே இருக்கட்டும். தேதி, பெயர், முகவரி கேட்பது பற்றிய பக்கங்களை மட்டும் டிசைனரும் டெவலப்பரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், அப்புறம் வேலையைத் தொடங்கலாம்.