ஆஸ்ட்ரோவா, ஆப்பா, ஆண்ட்ராய்டு பெட்டியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தமிழ்ப் படமும் சீரியலும் பார்க்க ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி, படம் பார்க்கும் ஆப், டிவியில் மாட்டும் ஆண்ட்ராய்டு பெட்டி ஆகிய மூன்றில் வீட்டுக்கு எதைப் போடலாம் என்று கேட்கிறவர்கள் முதலில் மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்றுதான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் உரிமையைப் பாருங்கள் என்பேன். நாம் கட்டும் காசு, இன்ன நாட்டில், இன்ன வீட்டில், இன்ன தேதிவரை பார்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதிக்குத்தான்.

கோடம்பாக்கத்தில் ஒரு படத்தை முழுசாக ஒருவருக்கே விற்பது அபூர்வம். தியேட்டர் ஒருவருக்கு, சாட்டிலைட் ஒருவருக்கு, டிஜிட்டல் இன்னொருவருக்கு, பாட்டு ஆடியோ கம்பெனிக்கு. ஓவர்சீஸ் தனிக் கணக்கு. அதனால்தான் சென்னையில் அத்தை மகன் ஒரு ஆப்பில் பார்த்துவிட்ட படம் இங்கே வேறொரு ஆப்பில் இருக்கும், அல்லது எதிலுமே இருக்காது. சிம்ப்ளி சௌத் மாதிரி, இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கென்றே உரிமை வாங்கி நடத்தும் ஆப்களும் உண்டு. அவற்றை இந்தியாவில் திறக்க முடியாது.

1996இல் வந்த ஆஸ்ட்ரோவில் இந்தத் தலைவலி நமக்கு இல்லை. சன் டிவி, விஜய் எல்லாவற்றுக்கும் மலேசிய உரிமையை அவர்களே பேசி முடித்துத்தான் சேனலைத் தருகிறார்கள். எல்பில் தோட்டத்துப் பக்கமோ டோவன்பி தோட்டத்துப் பக்கமோ, லயத்து வீட்டில் இருக்கும் பாட்டிக்குச் சாயங்காலம் சீரியல் ஓட வேண்டும், அவ்வளவுதான். ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் வந்துவிடும் என்பது சின்ன வசதி இல்லை. குறை என்றால், மழை கொட்டும்போது சிக்னல் போகும். படங்கள் தணிக்கைக்குப் பிறகே வரும். சேனலில் நமக்குப் பிடித்த நேரத்துக்குப் படம் ஓடாது.

ஆப் பக்கம் வந்தால் கதை நீளம். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியிலும், பிரைம் வீடியோ அதே ஆண்டு டிசம்பரிலும் இங்கே வந்தன. மாதச் சந்தாவுக்குக் கிடைப்பது ஏராளம்; ஆனால் எதுவும் நிரந்தரம் இல்லை. உரிமை முடிந்த அன்று படம் பட்டியலிலிருந்து காணாமல் போகும். நெட்ஃபிளிக்ஸே எடுத்த படமாக இருந்தால் பெரும்பாலும் எங்கும் கிடைக்கும், வாங்கிப் போட்டது நாட்டுக்கு நாடு மாறும்.

இங்கேதான் பலர் கணக்குப் போடுகிறார்கள்: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகளின் கணக்கை அப்பா அம்மா வீட்டு டிவியில் போட்டுவிட்டால் என்ன? நெட்ஃபிளிக்ஸில் பட்டியலைத் தீர்மானிப்பது காசு கட்டிய ஊர் இல்லை, பார்க்கிற ஊர். சிங்கப்பூர்க் கணக்கை இங்கே திறந்தால் வருவது மலேசியப் பட்டியல். 2023இலிருந்து நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கே என்று கறாராகவும் இருக்கிறது. பிரைமில் வேறு மாதிரி: வெளிநாடு போனால் பட்டியல் சுருங்கி, சொந்தத் தயாரிப்புகள்தான் பெரும்பாலும் மிஞ்சும்.

டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். லைன் சரியாகக் கிடைக்காத தோட்டத்துக்கு அது நல்ல வழிதான். ஆனால் அந்தக் கோப்புக்கும் ஆயுள் உண்டு. பிரைமில் பெரும்பாலான படங்களை 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வேறு போனுக்கு அனுப்பினாலும் ஓடாது, பூட்டு போட்டுத்தான் தருகிறார்கள். டிவியோ போனோ அந்தப் பூட்டின் உயர்ந்த தரத்தைத் தாங்காவிட்டால், மாதம் எவ்வளவு கட்டினாலும் படம் மங்கலாகத்தான் தெரியும். மலிவு டேப்லெட் வாங்குமுன் அந்தப் பூட்டின் உயர்ந்த தரமான வைட்வைன் எல்1 இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எல்3 என்றால் எச்டி வராது.

அப்புறம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அடுக்கி வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு பெட்டி. பெட்டி தவறில்லை, ஆப் போட்டுப் பார்க்க அது வெறும் கருவி. 'ஆயுள் சந்தா, எல்லா சேனலும்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேற்று ரிலீசான படம் இன்று அதில் ஓடுகிறது என்றால் உரிமை வாங்கியவர் யார்? 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், இப்படித் திருட்டு ஒளிபரப்புக்கான கருவியைத் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் குறைந்தது 10,000 வெள்ளி, அதிகபட்சம் 200,000 வெள்ளி அபராதம் என்கிறது. 20 ஆண்டுவரை சிறையும் உண்டு. வாங்கியவருக்கு வேறு தொல்லை. சர்வரை மூடிவிட்டால் அந்த ஆயுளும் அன்றோடு முடிந்தது, விற்ற தம்பி அடுத்த வாரம் வேறு ஊர்ச் சந்தையில் இருப்பார்.

மூன்றில் என் தேர்வு? வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆஸ்ட்ரோவில் இருப்பதிலேயே சின்னத் தமிழ்ப் பேக்கேஜ். இளசுகள் இருக்கும் வீட்டுக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆப்; பார்க்க நினைத்த படம் மலேசியப் பட்டியலில் வந்த பிறகு சந்தா, முடிந்ததும் ரத்து. பல தமிழ்ப் படங்கள் தியேட்டருக்கு வந்து நாலு வாரம் போல ஆனதும் ஆப்புக்கு வந்துவிடுவதால் பொறுத்திருப்பது கஷ்டமில்லை. பெட்டியை, ஸ்டிக்கர் இல்லாமல், பழைய டிவிக்கு வாங்கலாம்.

கோயில் மண்டபத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ திரை கட்டிப் போடுவதற்கு மேலே சொன்ன எந்த வீட்டுச் சந்தாவும் செல்லாது. கடைக்கு ஆஸ்ட்ரோவில் வணிகப் பேக்கேஜ் தனியாக இருக்கிறது. பந்தாட்டம் போடும் மாமாக் கடைகள் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள்) எடுப்பது அதைத்தான். நுழைவுக் கட்டணம் வாங்காமல் இலாப நோக்கமற்ற சங்கம் அறப்பணிக்கோ கல்விக்கோ காட்டினால் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் ஆப்பில் நாம் 'சரி' என்று தட்டிய ஒப்பந்தம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இடம் தருகிறது. திருவிழாவுக்குப் படம் போட நினைக்கும் நிர்வாகக் குழு, அந்தப் படத்தின் மலேசிய விநியோகஸ்தரிடம் தேதி, இடம், எத்தனை பேர் என்று குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, எழுத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். கடைசி வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே கேட்டு வைத்தால், அந்தப் படம் கிடைக்காவிட்டாலும் வேறு படம் பார்க்க நேரம் இருக்கும்.