காலா, விரலா? லூப் போடும் மேடையில் பெடலும் தொடுதிரையும்

லூப் வைத்து, அதாவது பதிவு செய்த ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன் மேல் அடுக்கி, தனியாக வாசிப்பவர்களுக்கு நெஞ்சு படபடக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் லூப்பை மூடும் இடம். ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) சொல்லிவிட்டு, அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில், அதாவது முதல் அடியில், பொத்தானை அழுத்த வேண்டும். பதிவு நிற்கும், சொன்னது அந்த நொடியிலேயே திரும்ப ஒலிக்கத் தொடங்கும். அடுத்த நாலு நிமிஷத்துக்கான தாளம் அந்த ஓர் அழுத்தத்தில்தான் தொங்குகிறது. கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ, அதன் மேல் அடுக்கும் எல்லாமே நொண்டும்.

அந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும்? காலடியில் பெடலாகவா, கண்ணெதிரே தொடுதிரையிலா? கிட்டாரும் குரலும் கொன்னக்கோலுமாக இரண்டு பக்கமும் சில வருஷம் சூடுபட்டவன் நான்.

முதலில் இரண்டு டிவி காட்சிகள். 2004இல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சிக்கு ஸ்காட்லாந்துப் பாடகி கே.டி. டன்ஸ்டல் தனியாக வந்தார். கையில் கிட்டார், காலடியில் அகாய் ஹெட்ரஷ் பெடல். ஒவ்வொரு ஒலியாகக் காலால் அடுக்கிக்கொண்டே ஒரு முழு பாண்டு வாசிப்பது போலப் பாடி முடித்தார். லூப்பிங் என்றால் என்ன என்று பலருக்குக் காட்டியதே அந்தக் காட்சிதான். பத்து வருஷம் கழித்து, 2014இல், அமெரிக்காவில் ஜிம்மி ஃபேலன் தன் நிகழ்ச்சிக்கு வந்த பாடகர் பில்லி ஜோயலைப் பக்கத்தில் நிறுத்தி, ஐபேடில் லூப்பி என்ற செயலியை வைத்து, இரண்டு பேர் குரலிலேயே ஒரு கோஷ்டியை உண்டாக்கினார். அதுவும் இணையத்தில் பறந்தது.

டன்ஸ்டலுக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தன. ஃபேலனுக்குச் சும்மா இருந்தன. பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது. பீட்பாக்ஸ் பண்ணுகிறவர்கள், அதாவது வாயாலேயே டிரம்ஸ் ஒலி எழுப்புகிறவர்கள், பாஸ் (Boss) கம்பெனியின் ஆர்சி-505ஐக் கொண்டாடுவதும் இதனால்தான். மேஜையில் வைத்துக் கையால் அழுத்தும் பெட்டி அது. ஐந்து டிராக், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லைடர். வாயும் மைக் பிடித்த ஒரு கையும் போக, இன்னொரு கை அதற்கென்றே காலியாக இருக்கிறது. வயலின்காரரிடம் அதைக் கொடுத்தால் வில்லைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மிச்சப் பாதிதான் சுவாரசியம். "தொடுதிரை ஸ்லோ, அதில் தாளம் நிற்காது" என்று பெடல்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். கணக்குப் போட்டால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. டிஜிட்டல் கருவி ஒலியைச் சின்னச் சின்னக் கட்டாகச் சேர்த்துத்தான் அனுப்பும், அந்தக் கட்டுக்குப் பஃபர் என்று பெயர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 2.9 மில்லி விநாடி. இசைக் கருவிகளுக்குள் கட்டளை கொண்டுபோகும் மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிட் ஓடுகிறது, ஒரு கட்டளை போய்ச் சேர ஏறக்குறைய 1 மில்லி விநாடி. விரலைத் தேடி விநாடிக்கு 60 முறை பார்க்கும் திரையில் ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லி விநாடி இடைவெளி. புதிய திரைகளில் அது பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஆக, திரை கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான்.

அந்தத் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் லூப்புக்குப் பெரிய கெடுதலும் இல்லை. தொடங்கும்போது 30 மில்லி விநாடி தள்ளி, மூடும்போதும் அதே 30 தள்ளி என்றால் லூப்பின் நீளம் சரியாகவே இருக்கும். முதல் சொல்லின் நுனி கொஞ்சம் வெட்டுப்படலாம். கெடுப்பது ஏற்ற இறக்கம்தான். தொடங்கும்போது 10, மூடும்போது 50 என்றால் நீளத்தில் 40 மில்லி விநாடி கூடிவிட்டது. நிமிஷத்துக்கு 80 அட்சரம் என்ற வேகத்தில் ஓர் அட்சரம் 750 மில்லி விநாடி, எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாள ஆவர்த்தனம் 6 விநாடி. கூடவே டிரம் மெஷின் ஓடினால் பத்தே சுற்றில் லூப் 400 மில்லி விநாடி, அதாவது அரை அட்சரத்துக்கு மேல், பின்தங்கிவிடும். டிரம் மெஷின் இல்லாவிட்டாலும் சுற்றுக்கு ஒரு தடவை, சமத்தில், சின்னக் குழியில் சைக்கிள் இறங்கி ஏறுவது போல ஒரு தடுக்கல் கேட்கும். கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் தாளம் போடும் கை தயங்கும்.

என் அனுபவத்தில் அந்த ஏற்ற இறக்கம் கருவியிலிருந்து வருவதைவிட நம் விரலிலிருந்துதான் அதிகம் வருகிறது. கிட்டாரை விட்டுக் கை கிளம்ப வேண்டும், கண் திரைக்குப் போக வேண்டும், பொத்தான் இருக்கும் இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு தொட வேண்டும். கண்ணாடியில் "அழுந்தியது" என்று விரலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சில செயலிகளில் விரலை வைக்கும்போது அல்ல, எடுக்கும்போதுதான் கட்டளையே போகும். காலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது முதலிலிருந்தே தாளம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, சமத்தில் கொஞ்சம் அழுத்திப் போட வேண்டும், அவ்வளவே. பார்க்கவே தேவையில்லை.

சரி, அதற்காகப் பெடல் சொக்கத்தங்கம் இல்லை. அதன் குழிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. பாஸ் ஆர்சி-1 போன்ற ஒற்றை மிதிப் பெடலில் நிறுத்துவதற்கு அடுத்தடுத்து இரண்டு மிதி மிதிக்க வேண்டும். தீர்மானம் (முடிக்கும்போது சொல்லும் சொற்கோவை) மூன்று தடவை சொல்லி, சமத்தில் எல்லாம் சட்டென்று அடங்க வேண்டும் என்றால், இரண்டாவது மிதிதான் சமத்தில் விழ வேண்டும். முதல் மிதி அதற்குச் சற்று முன்னால். தீர்மானத்தின் கணக்கை வாயில் வைத்துக்கொண்டு காலில் இன்னொரு கணக்கு. நிறுத்துவதற்கென்று தனி சுவிட்ச் ஒன்றைச் செருகிக்கொண்டால் இந்தத் தொல்லை ஒழியும். அதற்கான துளை அந்தப் பெடலிலேயே இருக்கிறது. முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

இன்னொரு குழி யாரும் சொல்லித்தராதது. நிறைய சுவிட்ச் உள்ள மிடி பலகைகளில் ஒரே சுவிட்ச்சுக்கு இரண்டு வேலை கொடுக்கலாம்: தட்டினால் பதிவு, அழுத்திப் பிடித்தால் அழிப்பு. ஆசையாக இருக்கும். ஆனால் இது தட்டலா பிடித்தலா என்று பலகைக்குத் தெரிய வேண்டுமானால், கால் எடுக்கும்வரை அது காத்திருக்க வேண்டும். அதாவது பதிவு தொடங்குவது மிதிக்கும்போது அல்ல, காலைத் தூக்கும்போது. எனக்குத் தாள ஞானம் போய்விட்டதோ என்று இரண்டு வாரம் நொந்துபோயிருந்தேன். பிடித்தலுக்குக் கொடுத்த வேலையை எடுத்ததும் ஞானம் திரும்பி வந்துவிட்டது.

அப்புறம், நம்மூரில் பல மேடைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுகிறோம். ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உலோக சுவிட்ச்சை வெறுங்காலில் ஒன்றரை மணி நேரம் மிதித்தால் உள்ளங்கால் பேசும். பாஸ் சிறு பெடல்களின் அகலமான ரப்பர் மிதி இந்த விஷயத்தில் பரம சுகம்.

இதைவிடப் பெரிய கேள்வி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் எங்கே? கர்நாடகப் பாட்டுக்காரர் பெடலைத் தேடும் முன் இதை யோசிக்க வேண்டும். வலது கை தொடையில் தாளம் போடுகிறது, இடது கை பெரும்பாலும் சும்மா இருக்கிறது. அவருக்குப் பெடலை இடது முழங்கால் பக்கம் வைத்துக் கையால் அழுத்துவதே வசதி. மிருதங்கக்காரருக்கு அதுவும் இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு விரல் தப்பித்து வந்தால் உண்டு. இங்கே 'கால்தான் நல்லது' என்ற என் வாதம் அடிபடுகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இனி திரையின் கஷ்டங்கள். மே மாதம், திறந்தவெளி, சாயங்காலம் ஆறு மணி. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை டேப்லெட்டின் மேல் விழுந்தது. தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொடுதலை அறிகிறது, உப்புத் தண்ணீர்ச் சொட்டும் அதற்குக் கிட்டத்தட்ட விரல்தான். நான் தொடாத லூப் ஒன்று ஊமையானது. துடைக்கப் போனேன், துடைத்த துணியின் ஈரத்தில் இன்னும் இரண்டு போயின. கூட்டம் அதை ஏதோ புதுமை என்று நினைத்துக் கைதட்டியது. கிட்டார் வாசித்துக் காய்த்துப்போன இடது விரல் நுனிகளுக்கு நேர்மாறான வியாதி: இரண்டு தடவை தொட்டால் ஒரு தடவைதான் பதியும். வெப்பம் தனிக்கதை. ஐபேடைச் சுற்றி 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்கிறது ஆப்பிள். சென்னையில் அதை வெயில் என்றே நாம் கணக்கில் வைப்பதில்லை. நேர் வெயிலிலோ சூடான மேடை விளக்கின் கீழோ திரை மங்கும், பிறகு 'ஆறவிடுங்கள்' என்று கேட்டுக்கொண்டு படுத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் என் மேடையில் டேப்லெட் இருக்கிறது. காரணம், பார்வை. எட்டு லூப் ஓடும்போது எது எங்கே இருக்கிறது, எது பாதியில் ஊமையாகி நிற்கிறது, அடுத்த சமத்துக்கு எவ்வளவு தூரம் என்று பெடலின் ஒற்றை விளக்கு சொல்லாது. சிவப்பு, மஞ்சள், பச்சை, அவ்வளவுதான் அதன் மொழி. லூப்பி புரோவில் ஒவ்வொரு லூப்பும் ஒரு வட்டம், உள்ளே அலைவடிவம் சுற்றிக்கொண்டே வருகிறது. தாளச் சக்கரத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி. திரையில் எந்தப் பொத்தான் எங்கே, எவ்வளவு பெரிதாக என்பதை நானே வரைந்துகொள்ளலாம். தம்பூரா சுருதி மேலே, கொன்னக்கோல் நடுவே, குரல்கள் கீழே. பெட்டிகளில் இதே அளவு வசதி உள்ளே இருந்தாலும், சின்னஞ்சிறு டிஸ்ப்ளேயில் மெனுவுக்குள் மெனுவாகப் போக வேண்டும். அதை வீட்டில் செய்யலாம், பாட்டின் நடுவில் செய்யக் கூடாது.

நழுவும் ஒலிகளுக்கும் கண்ணாடியே ராஜா. மகேஷ் ராகவன் ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியை வைத்துக் கர்நாடக ராகங்களை கமகத்தோடு வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரலை இழுத்தால் சுரம் அசைகிறது. அதைச் சுவிட்ச் செய்யாது. ஆனால் கவனியுங்கள்: அங்கே திரை ஒரு வாத்தியம், வாசிப்பவரின் இரண்டு கையும் கண்ணும் அதன் மேலேயே இருக்கின்றன. லூப்பை மூட எட்டிப் பார்க்கும் திரை வேறு.

விலைக்கு வருவோம். செயலி மட்டும் என்றால் மலிவு, லூப்பி புரோ சுமார் 30 டாலர். டேப்லெட்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அது ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவு. பிறகுதான் மைக்கையும் கிட்டாரையும் டேப்லெட்டில் சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், சார்ஜும் இன்டர்ஃபேஸும் ஒரே துளையில் செருக ஒரு ஹப், ஸ்டாண்டில் பிடிக்க ஒரு கவ்வி என்று பில் ஏறும். அந்த ஹப்பின் தளர்ந்த ஒயர்தான் மேடையில் என் முதல் எதிரி. ஆயுளிலும் பெடலே முந்துகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பெடல் ஒன்று இன்றும் என் வீட்டில் ஓடுகிறது, ஓர் இரவு அப்டேட்டில் நான் நம்பியிருந்த செயலி திறக்கவே மறுத்திருக்கிறது. கச்சேரிக்கு முந்தைய வாரம் எதையும் அப்டேட் செய்யாதீர்கள். நாலைந்து விரல் சைகைகளை அணைத்து வையுங்கள், அழைப்புகளை முடக்குங்கள். என் சித்தி ஒரு தடவை பல்லவியின் நடுவில் வீடியோ காலில் வந்தார்.

இரண்டில் ஒன்று என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை என்பதற்கு ஆங்கிலப் பாடகர் எட் ஷீரனே சாட்சி. அவர் மிதித்த செவி மான்ஸ்டா பலகை, கம்ப்யூட்டரில் ஓடிய மென்பொருளுக்குக் கட்டளை கொடுத்தது. மூளை ஓரிடம், மிதி ஓரிடம். பெரிங்கர் எஃப்சிபி1010 போன்ற பத்து சுவிட்ச் பலகையை மிடி இன்டர்ஃபேஸ் வழியாக டேப்லெட்டில் செருகினால் நாமும் அதையே செய்யலாம். புளூடூத் பெடல் வேண்டாம், பக்கம் திருப்ப அது போதும், சமத்துக்குப் போதாது. கிளிக் (காதில் தாளம் தட்டும் ஒலி) வைத்து, குவான்டைஸ் போட்டு வாசிப்பவர்களுக்கு இந்தச் சண்டையே பாதி இல்லை. ஆவர்த்தனத்துக்குள் எங்கே தொட்டாலும் கருவியே அடுத்த சமத்துக்குத் தள்ளிக்கொள்ளும். எனக்குக் கிளிக் ஒத்துவரவில்லை, காலப்பிரமாணம், அதாவது வேகம், என் முதல் லூப்பிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

ஆகவே இப்போதைய ஏற்பாடு இதுதான். பதிவும் நிறுத்தமும் வலது காலில். மியூட், ஒலியளவு, அண்டூ (கடைசியாகச் செய்ததை நீக்குவது) மூன்றும் மைக் ஸ்டாண்டில் கவ்வியிருக்கும் திரையில். திரையிலிருந்து பதிவுப் பொத்தானையே எடுத்துவிட்டேன், இருந்தால் பதற்றத்தில் விரல் அங்கேதான் போகிறது. பலகையில் பதிவு சுவிட்ச்சின் மேல் ஒரு சோடா மூடியைக் கவிழ்த்து ஒட்டியிருக்கிறேன், பக்கத்து சுவிட்ச்சை மிதித்து ஒரு முழுப் பாட்டையும் அழித்த நாளிலிருந்து.