சான் ஸ்டார்முக்கு மாட்டிய பக்கெட் சீட்

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பழைய சீட் என்னைக் கதவுக்கும் கியருக்கும் நடுவே உருட்டிக்கொண்டே இருக்கும். சான் ஸ்டார்ம் கோவாவில் தயாரான ரெண்டு சீட் கார், ஃபைபர் பாடி. அதற்கென்றே செய்த சீட் இப்போது எங்கே கிடைக்கும்? சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில், இரு ஓரமும் உயர்ந்து உடம்பை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், சாயும் வகையில் ஒரு ஜோடி மாட்டினேன்.

வேலை அவ்வளவு சுத்தம். இரும்புப் பட்டையில் பிராக்கெட் அடித்து, வண்டியின் பழைய ஓட்டைகளிலேயே போல்ட் இறங்கும்படி செய்தார் மெக்கானிக். புதுசா ஓட்டை போடலாமா என்று கடைப் பையன் கேட்டதற்கு, "வேணாம்ப்பா, இடிச்சா மொத்த இழுப்பும் இந்த போல்ட்டு மேலதான் வரும்" என்றார். சீட் ஒரு விரல்கடை ஏறினாலும் தலை கூரையில் இடிக்கும். அதனால் சீட் முன்பின் நகரும் ரெயிலையும் தாழ்த்தியே வைத்தார்.

இப்போது வளைவுகளில் இடுப்பை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. தொடைக்குக் கீழே நுரை கொஞ்சம் கெட்டி. துணி உறையே கேளுங்கள். ரெக்சின் போட்டால் சேலம் வெயிலில் முதுகு வெந்துவிடும். ஒரே குறை, சாய்க்கும் குமிழ் கதவோரம் இடுக்கில் இருக்கிறது. கதவைத் திறந்தால்தான் திருக முடியும். லீவர் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.